இங்கிலீஷில் ப்ராஜெக்ட் எழுதப் பழக எங்கே போவது? வடசென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆறாவது செமஸ்டர் வந்துவிட்டால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் பைண்டிங் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. நாற்பது, ஐம்பது பக்கத்துக்கு இங்கிலீஷில் ப்ராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் எழுதியதெல்லாம் ஐந்து மார்க், பத்து மார்க் பதில்கள். அதுவும் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்தவை. ஒரு விஷயத்தைத் தானே விசாரித்து, ஆதாரம் காட்டி, வாதமாகக் கோத்து எழுதும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. கொருக்குப்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நானும் அப்படித்தான் போய் நின்றேன். இப்போது எம்.ஏ. முடித்துவிட்டேன். சனிக்கிழமைகளில் தெரிந்த பிள்ளைகள் எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். "அக்கா, இதை எங்க போய்க் கத்துக்கிறது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

வழிகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நானே முயன்று பார்த்திருக்கிறேன். எடைபோட என்னிடம் இருக்கும் படிக்கல் ஒன்றே ஒன்று: நீங்கள் எழுதிய பத்தியை அங்கே யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

முதலில் காலேஜ் வகுப்பு. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ். கதை, கவிதை, இலக்கணம், கடிதம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கும்போது வாரம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால்கூட அறுபது பக்கம். எந்த மேடத்தாலும் அத்தனையையும் வரிவரியாகப் படிக்க முடியாது. 2022-ல் வந்த 'நான் முதல்வன்' பயிற்சிகள் நல்ல முயற்சி, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் உதவும். ஆனாலும் அவற்றின் கவனம் வேலையைத் தேடித்தான் போகிறது, ஆய்வு எழுத்துப் பக்கம் வருவதில்லை. அதற்காகக் காலேஜை ஒதுக்கிவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், பத்து நிமிஷம் ஒதுக்கித் தரும் ஆசிரியர் ஒவ்வொரு துறையிலும் ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

அடுத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர். நான் மூன்று மாதம் போனேன். கூச்சம் போயிற்று, நாலு பேர் முன்னால் பேச வந்தது. எழுத்துக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வாரக் கடைசியில் எம்.சி. ரோடு துணிக்கடையில் நின்று சம்பாதிக்கும் பணத்தை ப்ராஜெக்டுக்காக அங்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை நிஜமாகவே நல்லவை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 'ஆன்லைன் ரைட்டிங் லேப்' என்று ஒரு தளம் நடத்துகிறது. மேற்கோள் காட்டுவது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான இலவச இடம் எனக்குத் தெரியாது. பொருளாதாரம், உளவியல் மாதிரியான துறைகளுக்குப் பெரும்பாலும் ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறை, அதன் 7-ஆம் பதிப்பு 2019-ல் வந்தது. இங்கிலீஷ் லிட்ரேச்சர் என்றால் எம்எல்ஏ (MLA) என்ற மேற்கோள் முறை, 2021-ல் வந்த 9-ஆம் பதிப்பு. உங்கள் கைடு எதைக் கேட்கிறார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் மாற்றுவது பெரும் தொல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்' இன்னொன்று. முந்தைய ஆய்வைக் குறிப்பிட, மாற்றுக் கருத்தைச் சொல்ல, முடிவை அடக்கிச் சொல்ல என்று வேலைக்கேற்ற வாக்கியத் தொடக்கங்களை அதில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகம் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய துணை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் அகாடமிக் ரைட்டிங் பாடம் வந்திருக்கிறது, படிக்கக் காசில்லை. இத்தனையும் இருந்தும் ஒரு குறை தீராது: நீங்கள் அவற்றைப் படிக்கலாம், அவை உங்களைப் படிக்காது.

அப்புறம் ஏஐ. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லோர் போனிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எண்ணூர்ப் பக்கத்துத் தங்கை ஒருத்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அதைப் பற்றித்தான் அவள் ப்ராஜெக்ட். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று நாலு சாயங்காலம் அலைந்து பதினோரு பேரிடம் பேசியிருந்தாள். வலையில் எண்ணெய் படிந்து வலையே வீணான கதை, மீன் வாங்க ஆள் வராத கதை எல்லாம் நோட்டில் இருந்தது. கட்டுரையோ 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட் பொல்யூஷன் இஸ் எ பிக் ப்ராப்ளம்' என்று தொடங்கியது. நோட்டில் இருந்த கதைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டாவது பத்தியில் மட்டும் சொந்தமாக ஒரு வாக்கியம் இருந்தது. நான் பேசிய பதினோரு பேரில் எட்டுப் பேர் வலையை மாற்ற வேண்டியிருந்ததாகச் சொன்னார்கள் என்று, டென்ஸ் தப்போடு எழுதியிருந்தாள்.

அந்தப் பத்தியை ஏஐயிடம் கொடுத்து 'அகாடமிக்காக மாற்று' என்றாள். வழவழவென்று வந்தது. பதினோரு பேர் 'லோக்கல் கம்யூனிட்டீஸ்' ஆனார்கள். எட்டு என்ற எண்ணே போய்விட்டது. 'சொன்னார்கள்' என்பது 'சிக்னிஃபிகன்ட்லி இம்பாக்டட்' என்று ஆகி, அவள் நிரூபிக்காததையெல்லாம் நிரூபித்துவிட்டது மாதிரி நின்றது. டென்ஸ் சரியாயிற்று, ஆதாரம் காணாமல் போயிற்று. அவளுடைய துறை ஆசிரியர் ஒருவர் பழைய பத்தியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதியதின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொல் எழுதினார்: 'எப்படித் தெரியும்?' அன்று சாயங்காலம் அவள் அந்தப் பதினோரு பேரையும் கட்டுரைக்குள் திரும்பக் கொண்டுவந்தாள். முதல் வாக்கியமும் மாறி, நெட்டுக்குப்பத்திலிருந்து தொடங்கியது.

ஏஐயைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருத்தித் தரச் சொல்லாமல், 'இந்த வாக்கியத்தில் எது தப்பு, ஏன் தப்பு' என்று கேளுங்கள், விதி புரியும். நடுராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்லும், முகம் சுளிக்காது. பயந்த பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் சோதித்தார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் (இங்கிலீஷ் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று அந்தக் கருவிகள் தவறாகச் சொல்லின. நம் மாதிரிப் பிள்ளைகள்தான் இதில் மாட்டுவார்கள். ஆகவே கையெழுத்து வரைவு, பேட்டி நோட்டு, பழைய பிரதி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடையில் விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் ப்ராஜெக்டை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மனம் வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60 சதவீதத்துக்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். விதியை விடுங்கள், நாலு மாதத்தில் கற்றிருக்க வேண்டியதை அங்கே விற்றுவிட்டு வருகிறீர்கள்.

கடைசி வழி, நாலு பேர் கூடி ஒருவர் எழுத்தை ஒருவர் படிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். வாரம் ஒரு பக்கம் எழுதி வாருங்கள், அடுத்தவர் அதைப் படித்து மூன்று கேள்வி எழுதட்டும். நாலு பேருக்கும் இங்கிலீஷ் தகராறாக இருந்தாலும் பரவாயில்லை. 'எப்படித் தெரியும்', 'யார் சொன்னது', 'இதுக்கும் மேலே சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்க இலக்கணம் தேவையில்லை, தமிழிலேயே கேட்கலாம். இலக்கணத் தப்பு தப்பித்துப் போகும் என்பது இதன் பலவீனம். அதற்குத்தான் அந்த இலவசத் தளங்களும் பத்து நிமிஷ மேடமும்.

உட்கார இடம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் அங்கேதான். கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற படிப்பிடம் கிட்டே.

முதல் வருடத்தில் இருந்தால் குழுவை இப்போதே தொடங்குங்கள். ப்ராஜெக்டுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள், மேற்கோளுக்குப் பர்டூ தளத்தை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விடுங்கள். எப்படியானாலும் முதல் வரைவைக் கையாலேயே எழுதி வாருங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள், கேள்வி எழுத இடம் வேண்டும்.