பிளவுள்ள பாறையின் ஊடுருவுதிறன்: கோர், பேக்கர், பம்பிங் – எந்த எண்ணை எடுப்பது?

ஒரே கிரானைட்டின் ஊடுருவுதிறன், அதாவது நீரை ஊடே விடும் தன்மை, ஆய்வகத்தில் 10⁻¹⁹ சதுர மீட்டராகவும் ஆழ்துளையில் 10⁻¹⁵ சதுர மீட்டராகவும் இருக்கலாம். இரண்டுமே பிழையற்றவையாக இருக்கக்கூடும். 1992-இல் புவி இயற்பியலாளர் கிறிஸ்டோஃப் கிளவுசர் தொகுத்த, கிரானைட் போன்ற படிகப் பாறைகளின் தரவுகளில், ஆய்வகத்திலிருந்து ஆழ்துளைக்குப் போகையில் மதிப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடியது. வட்டார அளவுக்குப் போனபோது ஏற்றம் நின்றுவிட்டது.

காரணம் பிளவு அகலம். மீட்டருக்கு ஒன்றாக 0.1 மிமீ பிளவு இருந்தால், அகலத்தின் மும்மடியைப் பிளவு இடைவெளியாலும் 12-ஆலும் வகுக்கக் கிடைப்பது சுமார் 8×10⁻¹⁴ சதுர மீட்டர். அகலம் இரட்டித்தால் இது எட்டு மடங்காகும். ஐந்து சென்டிமீட்டர் கோரில் (துளையிட்டு எடுத்த பாறை உருளையில்) அந்தப் பிளவு பெரும்பாலும் சிக்காது. சிக்கினாலும் துண்டு உடைந்து சோதனைக்கே வராது. ஆகவே ஆய்வக எண் பிளவுகளுக்கு இடையிலுள்ள பாறையை மட்டுமே சொல்கிறது. அதிலும் உறை அழுத்தம் (நிலத்தடியில் போலத் துண்டைச் சுற்றி நெருக்கும் அழுத்தம்) கொடுக்காமல் அளந்தால், மேலே எடுத்தபோது திறந்த நுண்விரிசல்கள் மதிப்பை உயர்த்திவிடும்.

ஆழ்துளையின் ஒரு பகுதியைப் பேக்கர் எனும் அடைப்பால் மூடி, அதற்குள் நீரை அழுத்திச் செலுத்துவது பேக்கர் சோதனை. அதுவே எனக்கு அதிகம் பிடித்தது, ஏனென்றால் தவறும்போது தடயம் விடும். 1 மெகாபாஸ்கலில் மீட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் ஏற்பதே 1 லூஜியான்; நீர் கடத்தும் வேகமாக (நீர்க்கடத்துமை) சொன்னால் தோராயமாக 1.3×10⁻⁷ மீ/வி. அழுத்தத்தைக் குறைவு, நடு, உச்சம், நடு, குறைவு என ஐந்து படியாக வையுங்கள். உச்சத்தில் மட்டும் லூஜியான் எகிறி, பிறகு இறங்கினால் பிளவு அழுத்தத்தில் விரிந்திருக்கிறது. குறைந்த படியின் மதிப்பை எடுங்கள். உச்சத்தில் குறைந்தால் கொந்தளிப்போட்டம். படிப்படியாக ஏறி, இறங்காமலே நின்றால் பிளவின் நிரப்பு மண் கழுவப்பட்டிருக்கிறது. 3 மீட்டர் பகுதிகளின் கூட்டுத்தொகை, அதே நீளத்தை ஒரே 30 மீட்டராக அளந்ததைவிடப் பெரிதா? பேக்கரைச் சுற்றிப் பிளவு வழியே நீர் துளைக்குத் திரும்பியதா என்று பாருங்கள்.

கிணற்றிலிருந்து நீரை இறைத்து நீர்மட்டம் தாழ்வதை அளக்கும் பம்பிங் சோதனை, பிளவுகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா என்பதைச் சொல்லும். ஆனால் அது தருவது கடத்துதிறன், அதாவது நீர்க்கடத்துமையை நீர்தாங்கிப் பாறையின் தடிமனால் பெருக்கிய எண். எந்தத் தடிமனால் வகுப்பது என்பதில்தான் தகராறு. இரு அச்சும் மடக்கையான மட்டத்தாழ்வு–நேரம் வரைபடத்தில் தொடக்கச் சாய்வு ½ என்றால் ஒரு பெரிய பிளவே நீரை ஊட்டுகிறது. அந்தப் பகுதிக்கு தைஸ் வளைவை (நீர் எல்லாத் திசையிலிருந்தும் சீராகக் கிணற்றுக்கு வருவதாகக் கொள்ளும் வழக்கமான வளைவு) பொருத்தாதீர்கள்.

மாசு பாறைக்குள் ஊறுவதைக் கணக்கிட கோர். அணையடியில் சிமென்ட் கலவை செலுத்த பேக்கர். கிணற்று விளைச்சலுக்கு பம்பிங். சுரங்கப்பாதைக்கு இரண்டும் வேண்டும்: மொத்த நீர்வரத்துக்கு பம்பிங், மோசமான இடத்தைப் பிடிக்க பேக்கர்.