பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல்: 8 வாரம் போட்ட பிறகு எழுதுகிறேன்

ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் கன்னம் முழுக்கப் பரு. டாக்டரிடம் போகத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடம் ஃபீஸுக்கு 400 ரூபாய் கேட்க வேண்டும், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே" என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். எலுமிச்சம்பழத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன், எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்பினேன். அப்புறம் டூத்பேஸ்ட், அதில் தோல் வெந்து கறுத்தது. பாட்டி அரைத்துத் தந்த கஸ்தூரி மஞ்சள் மட்டும் கெடுதல் செய்யவில்லை, ஆனால் பருவும் அடங்கவில்லை.

கடைசியில் ஒரு மெடிக்கலில், "இதைப் போடு பாப்பா, மூணு நாள்ல சரியாகிடும்" என்று ஒரு கிரீம் கொடுத்தார்கள். முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவந்து பொரிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்ததாம். அந்த மாதிரி கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது, இன்னமும் கேட்டால் கிடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் அம்மாவோடு தோல் டாக்டரிடம் போனேன். அவர் அம்மாவை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "என்னென்ன போட்டே, திட்ட மாட்டேன், சொல்லும்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிவப்பு அடங்க ஒரு மாதம் வைத்தியம், அதற்குப் பிறகுதான் இந்த ஜெல்.

இது பருவில் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது, ஆன்டிபயாடிக் போல இதற்குக் கிருமி பழகிப்போவதில்லை. 2.5, 5, 10 சதவீதத்தில் வருகிறது. 10 வாங்கினால் சீக்கிரம் போகும் என்று நினைக்காதீர்கள், 2.5 ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த எரிச்சலோடு செய்யும். முதல் மூன்று நாள் தாடைக்குக் கீழே கொஞ்சமாகத் தடவிப் பார்க்கச் சொன்னார், வீங்கினால் உடனே நிறுத்த வேண்டும். அப்புறம் ராத்திரி முகம் கழுவி, ஈரம் காய்ந்ததும், ஒரு பட்டாணி அளவு. பரு மேல் மட்டும் புள்ளி வைக்காமல் பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மூக்கோரம் தோல் உரிந்தது, மாய்ஸ்சரைசர் போட்டுச் சமாளித்தேன். மூன்றாவது வாரம் ஒன்றும் மாறவில்லை, அழுதேன். ஆறாவது வாரத்தில்தான் புதுப் பரு வருவது குறைந்தது. எட்டாவது வாரம் இப்போது, நெற்றி சுத்தமாக இருக்கிறது, கன்னத்தில் இரண்டு மூன்றுதான்.

குறை என்றால், துணியை வெளுக்கிறது. என் நீலத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நகத்தால் கிள்ளி விழுந்த குழிகளை இது ஆற்றாது. தொட்டால் வலிக்கும் பெரிய கட்டிகள் இருந்தால் இதை வாங்கிக் காத்திருக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போட்டால் தழும்பு விழும்.

ஒன்பதாவது படிக்கும் தங்கைக்கு நெற்றியில் ஆரம்பித்திருக்கிறது. எலுமிச்சம்பழம் எடுக்க ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன், வரும் சனிக்கிழமை அதே டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்.