பொம்மை வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ச் கேளுங்கள்

கொலுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 3,800 ரூபாய் கொடுத்து, பொம்மை வீட்டுக்குள் நுழையவே நுழையாத கட்டிலோடு ஒரு சாமான் செட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கொலுவில் பார்க் வைக்கிற இடத்தில் இந்த வருஷம் ஒரு பொம்மை வீடு வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள், பிள்ளைக்குப் பிறந்த நாளுக்கு வீடு செய்கிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எங்கள் பெரியப்பா ஆசாரி வேலை பார்த்தவர். மேலூர்ப் பக்கம் இருந்த அப்பத்தா வீட்டை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, என் மகள் அதைப் பார்த்ததே இல்லை. அவளுக்காக, மிச்சம் கிடந்த பிளைவுட்டில் அந்த வீட்டை அப்படியே செய்து கொடுத்தார். திண்ணை, முற்றம், பின்கட்டில் அடுப்படி, ஊஞ்சல் மாட்டுகிற உத்தரம் கூட விடவில்லை. அவர் கணக்கு அடிக்கு அரை இன்ச். அதாவது நிஜத்தில் 24 இன்ச் இருப்பது இங்கே 1 இன்ச், இதைத்தான் 1:24 என்கிறார்கள். பத்தடி உயர அறை 5 இன்ச் ஆகும், ஏழடி வாசற்கதவு மூன்றரை இன்ச் ஆகும். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியில் சொல்லிச் செய்த மண் பொம்மைகள் இரண்டும், அப்பத்தாவும் தாத்தாவும், ஆளுக்கு இரண்டே முக்கால் இன்ச். கண் ஆபரேஷன் ஆனதால் பெரியப்பாவால் சின்னச் சாமான்களைச் செய்ய முடியவில்லை, அதனால்தான் கடைக்குப் போனேன்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கும் கடை. வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். போட்டோவில் கட்டில், சோபா, டைனிங் டேபிள், நாலு நாற்காலி, பீரோ, ஊஞ்சல் எல்லாம் வெள்ளைத் துணியில் வைத்து அத்தனை அழகாக எடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு விரல் இல்லை, ஒரு தீக்குச்சி இல்லை, எவ்வளவு பெரிசு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "24 ஸ்கேல்தானே? அறை உயரம் 5 இன்ச்தான்" என்று தெளிவாக எழுதிக் கேட்டேன். "24 ஓகேக்கா, எல்லாம் ஸ்கேல் பீஸ்தான், எந்த வீட்டுக்கும் செட் ஆகும்" என்று பதில் வந்தது. எந்த வீட்டுக்கும் செட் ஆகும் என்ற அந்த வார்த்தை ஒன்றே போதும், அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும். 24-க்குச் செய்தது 24-க்குத்தான் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற அளவு என்று ஒன்று கிடையாது. 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன், மீதி 1,800 பார்சலைக் கையில் வாங்கும்போது கொடுத்தேன்.

பிரித்ததும் மகள்தான் முதலில் கட்டிலை எடுத்தாள். நேராக வைத்தாள், திருப்பி வைத்தாள், முடியவில்லை. அறை அகலம் 6 இன்ச், ஆழம் 5 இன்ச். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கட்டில் நீளம் 6¼ இன்ச். ஆறேகால் அடிக் கட்டிலை அடிக்கு ஒரு இன்ச் கணக்கில் செய்தது, சுத்தமான 1:12. டைனிங் டேபிள் உயரம் 1⅞ இன்ச், அது 1:16 கணக்கு. பீரோ மட்டும் 3¼ இன்ச், அதுதான் நான் கேட்ட 24. மூன்று இடத்தில் வாங்கிய மூன்று அளவுச் சாமானை ஒரே டப்பாவில் போட்டு ‘செட்’ என்று விற்றிருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் படுக்கிற அளவுக்கு ஓர் ஆள் இருந்து, எழுந்து நின்றால், பீரோ அவர் இடுப்புக்குத்தான் வரும். சோபாவில் தாத்தாவை உட்கார வைக்க மகள் பார்த்தாள். உட்காரும் பலகையே பொம்மையின் இடுப்பு உயரம் இருந்தது. தாத்தாவைச் சோபா மேல் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலையும் சரியில்லை. கட்டில் காலைத் தொட்டால் சிலாம்பு குத்துகிறது, மூலையில் பசை நூல்நூலாகத் தொங்குகிறது. பீரோவுக்குக் கதவு கிடையாது, நடுவில் ஒரு கோடு கீறி அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பிள்ளைங்க விளையாடுறதுதானேக்கா, இவ்வளவு பார்க்கணுமா?" என்றார் கடைக்காரர். பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். கதவு வழியாக நுழையாத கட்டிலைப் பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், எட்டு வயசுப் பிள்ளை சமாளிக்காது. அப்புறம், "இது ஆர்டர் பீஸ், ரிட்டர்ன் கிடையாது" என்றார். அவர் தலைக்குப் பின்னாலேயே அதே கட்டில் ஆறேழு அடுக்கி வைத்திருந்தது. பில் கேட்டதற்கு ‘மினியேச்சர் செட் - 1’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

இதில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. முறையான பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆன்லைனில் விற்கிறவர் சொன்ன தன்மையில் பொருள் இல்லை என்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020 மின் வணிக விதிகளில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், "24 ஓகேக்கா" என்ற அந்த மெசேஜ்தான் என் கையில் இருக்கும் ஆதாரம். கடையிலிருந்து கூப்பிட்டு 1,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை உள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். டப்பாவில் என்ன ஸ்கேல் என்று போட்டிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். பொம்மை வீட்டுச் சாமான்களில் பரவலாகக் கிடைப்பது 1:12 (வின்ட்சர் கோட்டையில் இருக்கிற, 1924-ல் முடித்த ராணி மேரியின் பொம்மை வீடே அந்தக் கணக்குதான்), பொம்மைக் கடைகளில் தொங்குவது பார்பி அளவு, அது 1:6. பார்பி பதினொன்றரை இன்ச் உயரம், அவள் நாற்காலியில் எங்கள் அப்பத்தாவும் தாத்தாவும் குடும்பமே நடத்தலாம். சின்ன வீட்டுக்கு வேண்டிய 24 தேடித்தான் கிடைக்கும், அதனால்தான் கடைக்காரர் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார். ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், உயரம் இன்ச்சில் எழுதி வாங்குங்கள். முதலில் வீட்டின் கதவையும் அறையையும் அளந்துகொண்டு போங்கள்.

அளந்து பார்க்க அடி ஸ்கேல் கையில் இல்லை என்றால் ஒரு பத்து ரூபாய்க் காசு போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். நாற்காலிக்குப் பக்கத்தில் காசை நிமிர்த்திப் பிடியுங்கள். உட்காரும் பலகைக்கு மேலே காசு கால்வாசிக்கு மேல் தெரிந்தால் அது 24. பலகையும் காசும் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருந்தால் 16. பலகை காசைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் 12. நிஜ நாற்காலியில் உட்காரும் பலகையின் உயரம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை அடிதான், அதனால் இது பெரும்பாலும் தப்பாது. வாட்ஸ்அப்பில் வாங்குகிறீர்கள் என்றால், காசைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்கவில்லை.

இப்போது பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்லச் சொல்ல, நான் ஐஸ் குச்சியை அறுத்துக் கட்டில் செய்துகொண்டிருக்கிறேன். நீளம் மூன்று இன்ச்சும் ஒரு நூலும், அதாவது 3⅛. கொலுவுக்குள் முடிந்துவிடும்.

யாரிடமாவது 12 கணக்கில் பொம்மை வீடு இருந்தால் சொல்லுங்கள், கடையில் பணம் திரும்பி வராவிட்டால் அந்தக் கட்டிலைச் சும்மாவே தந்துவிடுகிறேன். நீளம் 6¼ இன்ச், அகலம் 4 இன்ச், தரையிலிருந்து பலகை வரை ஒன்றரை இன்ச். சிலாம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் தருவேன்.