ஸ்கோப் வாங்கி ஏமாந்தேன்: ஏர் ரைபிள்காரர்கள் கவனத்துக்கு

பொருளைத் திருப்பி அனுப்ப எனக்குக் கொடுத்த கெடு பதினைந்து நாள். குறை எதில் என்று எனக்குப் புரிந்தது இருபத்து மூன்றாம் நாள். நடுவில் அத்தனை நாளும் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு சரியில்லை, விரல் சரியில்லை, தோளில் வைக்கிற விதம் சரியில்லை, பெல்லட் (ஈயக் குண்டு) மட்டம். குறி பார்க்க ரைபிள் மேல் மாட்டுகிற தொலைநோக்கியான அந்த ஸ்கோப் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு கனமாக, முன்னால் கிண்ணம் மாதிரி கண்ணாடியோடு இருக்கிற ஒரு சாமான் தப்பு செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

குறைந்த பட்ஜெட்டில் ஸ்கோப் தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அந்தக் கெடுவுக்குள் முழித்துக்கொண்டால் சரி.

என்னிடம் இருப்பது குழலை மடக்கி லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிள், குழல் துளை 4.5 மி.மீ. 25 மீட்டரில் தாள் இலக்கு, அவ்வளவுதான் என் விளையாட்டு. நாற்பதைத் தாண்டியதும் குழல் முனையில் குறி பார்க்கிற முன் சைட் மங்க ஆரம்பித்தது. சைட்டைப் பார்த்தால் இலக்கு கலங்கும், இலக்கைப் பார்த்தால் சைட் கரைந்துவிடும். சரி, ஸ்கோப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒதுக்க முடிந்தது ரைபிள் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தப் பணத்துக்கு இணையத்தில் இரண்டு கண்ணில் பட்டன. முதலாவது 4×32, அதாவது நாலு மடங்கு பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 32 மி.மீ. ஒரே பெருக்கம், ஜூம் கிடையாது, விளக்கு கிடையாது, பார்க்கவே ஏழைத் தோற்றம். கிட்டத் தூரத்துக்கு ஃபோகஸ் திருப்ப முன்னால் ஒரு வளையம் இருந்தது. விவரத்தில் உருப்படியாக இருந்தது ஒரே வரி: ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதையைத் தாங்கும். இரண்டாவது 6-24×50, ஆறிலிருந்து 24 மடங்கு வரை ஜூம். சிவப்பிலும் பச்சையிலும் ஒளிரும் குறுக்குக்கோடு, தூரம் கணக்கிடப் புள்ளிகள், லேசர் இலவசம், ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கிற ரிங் இலவசம், லென்ஸ் துடைக்கிற துணிகூட இலவசம். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. அதே காசில் இவ்வளவும் தருகிறவன் எதில் மிச்சம் பிடித்திருப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 24 என்ற எண் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பெட்டி வந்த அன்றைக்கே சில அறிகுறிகள் இருந்தன. குழாயில் இருந்த பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர்தான், ஆனால் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. விற்பனைப் படத்தில் அந்த எழுத்து நிழலில் மறைந்திருந்தது. பெயர் பொறிக்கப்படவில்லை, மேலே அச்சடித்திருந்தார்கள், நகத்தால் சுரண்டினால் வந்தது. வரிசை எண் எங்கேயும் இல்லை. அமெரிக்காவின் லூபோல்ட் மாதிரியான ஸ்கோப் நிறுவனங்களே தங்கள் பெயரில் போலி ஸ்கோப் உலவுவதாக வெளிப்படையாக எச்சரித்திருக்கின்றன. தெரிந்த பிராண்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி அந்த நிறுவனத்துக்கே எழுதி விசாரித்துவிடுங்கள். என்னுடையது போலிகூட இல்லை, போலியின் சாயல். முன் லென்ஸ் மாணிக்கக் கல் போல ரத்தச் சிவப்பில் பளபளத்தது. அது உயர்ந்த பூச்சு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் லென்ஸ் சிவப்பாகத் தெரிகிறது, ஸ்கோப் வழியே பார்க்கும்போது அந்தச் சிவப்பு நம் கண்ணுக்கு வந்து சேருவதில்லை. உள்ளே பார்த்தால் வெள்ளைத் தாள்கூடப் பச்சை கலந்து தெரிந்தது.

அடுத்தது ரிங். இலவசமாக வந்தவை அகலமான பிகாட்டினி ரெயிலுக்கானவை. என் ரைபிளில் ஸ்கோப் மாட்ட இருப்பது குறுகலான 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளம். கூடவே வந்த சின்ன அடாப்டரை வைத்துப் பொருத்தினேன். முப்பது நாற்பது சுட்டதும் ஸ்கோப் மொத்தமும் பின்னால் நகர்ந்திருந்தது. பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததால் தெரிந்தது, நகத்தின் அகலம் நகர்ந்திருந்தது. மறுபடி முன்னால் தள்ளி இன்னும் இறுக்கினேன். மறுபடி நகர்ந்தது, மறுபடி இறுக்கினேன். இந்த இறுக்கல் பின்னால் என்னையே கடிக்கும் என்று அப்போது தெரியாது.

ஸ்பிரிங் ரைபிளின் குணம் ஒன்று உண்டு. ட்ரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும், ரைபிள் பின்னால் உதைக்கும். அடுத்த கணமே பிஸ்டன் குழாயின் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கும், ரைபிள் முன்னால் வெட்டி இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியின் உதை பெரிது, ஆனால் ஒரே திசையில். அதற்கென்று செய்த ஸ்கோப்பில் லென்ஸுகளைப் பின் உதைக்குத் தாங்குகிற மாதிரிதான் பிடித்து வைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் உலுக்கினால் நல்ல ஸ்கோப்பே ஆடிவிடும், மட்டமானதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘பெரிய ரைபிளுக்கே தாங்கும், உங்கள் ஏர் கன் எம்மாத்திரம்’ என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடுகிற பி.சி.பி. வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

முதல் நாள் மாலை ஐந்து குண்டுகள் ஒரு நாணயத்துக்குள் விழுந்தன. அதுதான் என்னைக் கெடுத்தது. மறுநாள் அதே இடத்தில், அதே பெல்லட்டில், உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஸ்கோப்பில் குறியை நகர்த்துகிற திருகை எட்டு க்ளிக் வலது பக்கம் திருப்புவேன், அடுத்த குண்டு அசையாமல் அதே இடத்தில் விழும். அதற்கடுத்ததும் அங்கேயே. மூன்றாவது திடீரென்று எட்டுக்குப் பதில் பதினைந்து க்ளிக் திருப்பியது போலத் தாவிப் போகும். நான் என்ன நினைத்தேன்? ட்ரிகரைப் பிடுங்குகிறேன் என்று நினைத்தேன். பெல்லட் டப்பாவை மாற்றினேன். குழலைத் துடைத்தேன். ரைபிளின் திருகுகளையெல்லாம் இறுக்கினேன். இரவில் குண்டு போடாமல் குறி பார்த்து மூச்சுப் பயிற்சிகூடச் செய்தேன். மூன்று வாரம் இப்படி.

எங்கள் சுடுதளத்தில் ஒரு பெரியவர் உண்டு, அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். என் தாள்களைப் பார்த்துவிட்டு, “தம்பி, ரைபிளைக் கொண்டா இங்கே” என்றார். மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, 6 மடங்கில் குறுக்குக்கோட்டை ஒரு கரும்புள்ளியில் நிறுத்தினார். “இப்ப ரைபிளைத் தொடாம ஜூமை மட்டும் திருப்பு.” திருப்பினேன். 24 வருவதற்குள் குறுக்குக்கோடு புள்ளியை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. ரைபிள் அசையவே இல்லை.

“வாங்கி எத்தனை நாளாச்சு?”

“இருபத்து மூணு நாள், அண்ணா.”

“திருப்பி அனுப்ப?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அன்றைக்கே பெட்டிச் சோதனையும் செய்து பார்த்தோம். புது ஸ்கோப் வாங்கிய எவரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது. மூன்று குண்டு சுடுங்கள். மேலே 20 க்ளிக் திருப்பி, அதே புள்ளியைக் குறி பார்த்து மூன்று சுடுங்கள். வலது பக்கம் 20, கீழே 20, இடது பக்கம் 20. தாளில் ஒரு சதுரம் வர வேண்டும், கடைசிக் குண்டுகள் முதல் குண்டுகளின் மேலேயே விழ வேண்டும். கால் எம்.ஓ.ஏ. க்ளிக் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் எம்.ஓ.ஏ.) என்றால் 25 மீட்டரில் ஒரு க்ளிக் சுமார் 1.8 மி.மீ., இருபதுக்கு 36 மி.மீ. என் தாளில் முதல் தாவல் 50 மி.மீ.க்கு மேல். வலது பக்கம் போகவேண்டியது குறுக்காகக் கீழே சரிந்தது. கடைசி மூன்றும் புறப்பட்ட இடத்திலிருந்து 22 மி.மீ. தள்ளி விழுந்தன. சதுரத்தைக் காணோம், நசுங்கிய பட்டம்தான் இருந்தது.

அண்ணன் இன்னொரு வித்தையும் காட்டினார். பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண் வைக்கிற பக்கம் கொஞ்சம் தள்ளி டார்ச் அடித்து, முன் லென்ஸுக்கு ஒட்டி வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒரு வெளிச்ச வட்டம் விழும். உண்மையில் வேலை செய்கிற லென்ஸ் அந்த வட்டத்தின் அளவுதான். என் 50 மி.மீ. ஸ்கோப்பில் வட்டம் 38. மீதிக் கண்ணாடி பார்வைக்கு மட்டும், உள்ளே ஒரு கறுப்பு வளையம் அதை மறைத்திருக்கிறது. ஓரத்துக் கலங்கலை ஒளிக்கச் செய்கிற வேலை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். என்னுடையது 38 வகுத்தல் 24, அதாவது 1.6 மி.மீ. அந்தி வெளிச்சத்தில் நம் கண்மணி 5 மி.மீ. வரைக்கும் விரியும், 1.6 வந்தால் அரையிருட்டுதான். நான் ஏளனமாகத் தள்ளிவிட்ட 4×32 கொடுப்பது 8. சாயங்காலம் ஐந்தரைக்கு எனக்கு இலக்கு சாம்பலாகத் தெரிந்த காரணம் இதுதான், அதற்கும் என் கண்ணைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 25 மீட்டருக்கு 24 மடங்கு எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இலக்கு பெரிதாகத் தெரியும்தான், என் நாடித்துடிப்பும் கூடவே பெரிதாகத் தெரிந்தது.

விற்பனையாளருக்கு எழுதினேன். படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதல் பதில்: நூறு குண்டாவது சுட்டுப் பழக்குங்கள், செட் ஆகிவிடும். செட் ஆவதற்கு இது செருப்பா? இரண்டாவது: ரிங்கைக் கழற்றிக் குழாயைப் படம் எடுத்து அனுப்புங்கள். அனுப்பினேன். மூன்றாவது: ரிங் தடம் பதிந்திருக்கிறது, நீங்கள் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது. அவர்கள் தந்த ரிங் நழுவியதால்தான் இறுக்கினேன் என்று எழுதினேன். நான்காவது பதில் நாலு நாள் கழித்து வந்தது: இது பொம்மைத் துப்பாக்கிக்கான ஸ்கோப், ஸ்பிரிங் ரைபிளில் போட்டது உங்கள் தவறு. விற்பனை விவரத்தில் ‘எல்லா வகை ரைபிளுக்கும்’ என்று இருந்ததை நான் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் அந்த வரியே காணாமல் போயிருந்தது. வாங்குகிற அன்றே விவரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, பணம் போயிற்று, உள்ளேயாவது பார்ப்போம் என்று பிரித்தேன். குறுக்குக்கோட்டை நகர்த்துகிற உள்குழாயை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியது ஒரு ஸ்பிரிங் தகடு. டப்பாத் தகரம் மாதிரி மெலிசு, அதுவும் ஒரு பக்கம் வளைந்து கிடந்தது. திருகினால் உடனே நகராமல் பிறகு தாவியதற்கு இதுவே காரணம். திருகு பின்வாங்கும்போது குழாயை அதன் மேல் அழுத்த இந்தத் தகட்டுக்குப் பலமில்லை, அடுத்த உதையில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தது. ஒரு லென்ஸைத் திருகு வளையம் போட்டு நிறுத்தாமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை விட்டுப்போய், அந்த லென்ஸ் ஆட்டினால் கிலுகிலு என்றது.

பிறகு அந்த 4×32ஐயே வாங்கினேன், கூடவே 11 மி.மீ. பள்ளத்துக்கென்று செய்த ஒற்றைத் துண்டு மவுண்ட் (ரிங் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிடிப்பு). அதில் கீழே ஒரு நிறுத்தக் குச்சி இருக்கிறது, ரைபிளின் மேலே உள்ள துளையில் இறங்கி உட்காரும். ஸ்கோப் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மவுண்டுக்குச் செலவழிக்க மனம் வராது, தெரியும், ஆனால் பட்ஜெட்டைப் பிரிக்கும்போது முதலில் அதை எடுத்து வைத்துவிடுங்கள். ஃபோகஸ் வளையமும் அலங்காரம் இல்லை. வெடிமருந்து ரைபிள் ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கஜத்துக்குப் பேரலக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்கிற பிழை, சரிசெய்து பூட்டியிருப்பார்கள். அதை 25 மீட்டரில் வைத்தால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் மிதக்கும். ஏர் ரைபிளுக்கு 10 கஜம் வரை இறங்குகிற வளையம் வேண்டும். ஜூம் இல்லாமல் முடியாது என்றால் 3-9×40 வரை போங்கள், இதே பணத்தில் அதற்கு மேல் போகாதீர்கள்.

நேற்று அந்தக் கடைப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதே படம், அதே சிவப்பு லென்ஸ், பெயரில் இன்னோர் எழுத்து மாறியிருக்கிறது. இப்போது அது 8-32×56. கீழே பழைய ஐந்து நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெட்டி வந்த அன்று, ஒரு குண்டுகூடச் சுடாமல் நான் போட்ட ஐந்தும் அதில் உண்டு. அழிக்கப் போனால், திருத்துவதற்கான கெடு முடிந்துவிட்டது என்று வருகிறது.