ஆட்டு ஃபாலிக்கிள் வளர்ப்பு: சீரமா, ஆல்புமினா? மூன்று வருட அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில், வெள்ளாட்டின் சினைப்பையிலிருந்து ஃபாலிக்கிள்களை, அதாவது முட்டையும் அதைச் சூழ்ந்த செல்களும் சேர்ந்த சிறு உருண்டைகளை, பிரித்து வளர்ப்பதுதான் மூன்று வருடமாக என் வேலை. வளர்ப்புத் திரவத்தில் எந்தப் புரதம் சேர்ப்பது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு விடியற்காலையில் ஆடு அறுக்கும் இடத்தில் பிளாஸ்க்கோடு நிற்பேன். கறிக்கடைக்காரர்கள் கிடாவைத்தான் தேடுவார்கள். பெட்டை விழுந்தால்தான் எனக்கு வேலை. வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் சினைப்பையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, மேற்பகுதியை மெல்லிசாகச் சீவி, 150 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை உள்ள ஃபாலிக்கிள்களை ஊசி முனையால் பிரிப்பேன். கனிம எண்ணெய்க்கு அடியில், 100 மைக்ரோலிட்டர் சொட்டு ஒன்றுக்கு ஒரு ஃபாலிக்கிள்.

முதல் வருடம் எஃப்.பி.எஸ்., அதாவது கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), 10 சதவீதம் சேர்த்தேன். நான்கு நாள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளரும். அப்புறம் வெளிச்செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு தோசை மாதிரி பரவும், முட்டை தனியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். சீரத்தில் ஒட்டவைக்கும் புரதங்கள் இருப்பதே இதற்குக் காரணம். புட்டிக்குப் புட்டி குணமும் மாறுகிறது. ஒருமுறை கூரியரில் உருகியே வந்து சேர்ந்தது, அடியில் நூல் நூலாகப் படிவு. அன்று மனசே உடைந்துபோனது.

இரண்டாம் வருடம் பி.எஸ்.ஏ.வுக்கு மாறினேன். இது மாட்டு ஆல்புமின் தூள். மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் போடுகிறேன். தூளைத் திரவத்தின் மேல் தூவிவிட்டுச் சும்மா விட்டுவிட வேண்டும், தானாகக் கரையும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை பொங்கிப் புரதம் கெடும். கரைந்ததும் 0.22 மைக்ரான் வடிகட்டி. சீரத்தில் இருக்கும் எல்லாம் இதில் கிடையாது என்பதால் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் புரதம்), செலினியம், எஃப்.எஸ்.எச். (ஃபாலிக்கிளை வளரவைக்கும் ஹார்மோன்) ஆகியவற்றைத் தனியாகச் சேர்க்கிறேன். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் உருண்டை உருண்டையாகவே நிற்கும். ஒரு நாள் காலை நுண்ணோக்கியில் ஃபாலிக்கிளின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நீர்க்குழி விழுந்திருக்கிறது! அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

பெட்டை ஆட்டு இரத்தத்தை உறையவிட்டு, சுழற்றிப் பிரித்து, 56 டிகிரியில் அரை மணி வைத்து நானே சீரம் தயாரித்தும் பார்த்தேன். செலவு குறைவுதான், ஆனால் ஆட்டுக்கு ஆடு பலன் வேறு. அதைப் பிரித்தெடுக்கும் திரவத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். பிரிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஃபாலிக்கிள் கண்ணாடியில் ஒட்டாமல் வழுக்கி வருகிறது.

என்னைக் கேட்டால், தொடங்குகிறவர்கள் கொழுப்பு அமிலம் நீக்கிய பி.எஸ்.ஏ. வாங்குங்கள். புதுப் புட்டி வந்ததும் பழையதைக் காலி செய்துவிடாதீர்கள். ஒரே சினைப்பையின் ஃபாலிக்கிள்களில் பாதியைப் பழையதிலும் பாதியைப் புதியதிலும் வளர்த்துப் பார்த்து, புதியது தேறினால் அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரான சரக்கின் எண்) இன்னும் இரண்டு புட்டி சொல்லி வையுங்கள்.