ஸ்வேல் பள்ளத்தாக்குக் குடும்பங்களைத் தேட: தேவாலயப் பதிவேடா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?

யார்க்‌ஷயரின் ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆல்டர்சன், மெட்காஃப் போன்ற சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரே பெயரில் பலர் இருந்ததால் பட்டப்பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டினார்கள்.

பழமை வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க 1538-இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். 1580-இல் மியூக்கர் என்ற ஊரில் சிற்றாலயம் வரும்வரை, பள்ளத்தாக்கின் மேல்பகுதி மக்கள் இறந்தவர்களைத் தோளில் சுமந்து கிரிண்டன் ஊர்த் தேவாலயம் வரை நடந்திருக்கிறார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ஆனால் இங்கே, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்டுகள் அதிகம். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இந்தப் பதிவேட்டில் விடுபட்டிருக்கலாம்.

கணக்கெடுப்பில் எல்லோர் பெயரும் கிடைப்பது 1841 முதல். அதில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்திருப்பார்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள். 1851தான் பொக்கிஷம்: குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, என்ன தொழில், எந்த ஊரில் பிறந்தவர், எல்லாம் உண்டு. ஈயச் சுரங்கங்கள் நலிந்தபின் டர்ஹாம் நிலக்கரிப் பகுதிக்குப் போனவர்களையும், அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் பிறந்த ஊரை வைத்தே பிடித்துவிடலாம். என் தேர்வு 1851. அங்கே தொடங்கி, பின்னோக்கிப் பதிவேட்டுக்குப் போங்கள்.