பாயில் ஹைட்ஸ்: கல்லறைச் சுற்றுப்பாதையா, காரில்லாத ஞாயிறா?

லாஸ் ஏஞ்சலஸில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்கள் செறிந்து வாழும் பாயில் ஹைட்ஸில் நடக்க, ஓட நல்ல இடம் கிடைப்பதே அரிது. எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய நடைபாதையில்தான் மக்கள் ஓடினார்கள். விடாமல் கேட்டார்கள், 2003-இல் அங்கேயே சுமார் 2.4 கிலோமீட்டருக்கு ரப்பர் தளம் வந்தது. வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சுற்று, சாயங்காலம் பாட்டியோடு ஒரு சுற்று. காசும் வேண்டாம், காரும் வேண்டாம்.

சிக்லாவியா என்ற காரில்லாத் தெரு நிகழ்ச்சி வேறு ரகம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைப் பார்த்து, 2010 அக்டோபர் 10 அன்று பாயில் ஹைட்ஸ் முதல் கிழக்கு ஹாலிவுட் வரை தெருக்களில் கார்கள் ஓடாமல் தடுத்தார்கள். அன்று தெருவே திருவிழா! ஆனால் பொகோட்டாவில் அது வாராவாரம். இங்கே வருடத்துக்குச் சில ஞாயிறுகள்தான், வழியும் மாறும். உடல்நலம் என்று பார்த்தால், சர்க்கரை நோயாளிக்குத் தினமும் நடை வேண்டுமே. என் ஓட்டு கல்லறைப் பாதைக்குத்தான்.